டிரைவரைக் கேட்பதா, பிரிண்டரையே கேட்பதா?

ஹட்டன், பண்டாரவளை போன்ற இலங்கை மலையக ஊர்களில் பிரிண்ட், போட்டோகொப்பி எடுத்துத் தரும் கொமினிகேஷன் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர் முதலில் அறிய வேண்டியது: இந்தப் பிரிண்டர் இருபக்கமும் அடிக்குமா?

விண்டோஸின் 'டிவைஸ் கேப்பபிலிட்டீஸ்' அழைப்பு, கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம்தான் விசாரிக்கிறது. பிரிண்டர் அணைந்திருந்தாலும் பதில் வரும். மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும் ஊருக்கு அது சௌகரியம். 'டிசி டூப்ளெக்ஸ்' (டூப்ளெக்ஸ் என்றால் இருபக்க அச்சு) கேட்டால் 1 வந்தால் உண்டு, 0 வந்தால் இல்லை. -1 வந்தால் அதை 'இல்லை' என்று எடுக்காதீர்கள், அழைப்பே தோற்றிருக்கலாம். தாள் பட்டியலுக்கு இருமுறை அழையுங்கள்: முதலில் எண்ணிக்கை, பிறகு இடம் ஒதுக்கிப் பட்டியல். குறை என்னவென்றால், பல மொடலுக்குப் பொதுவான டிரைவர் போட்டிருந்தால் இல்லாத டூப்ளெக்ஸையும் உண்டு என்று சொல்லிவிடும். லீகல் தாள் பட்டியலில் இருக்கும், தட்டில் ஏ4 மட்டுமே கிடக்கும்.

ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) என்ற நெட்வொர்க் நெறிமுறை நேரே பிரிண்டரிடம் போகிறது. 631ஆம் போர்ட்டுக்கு 'கெட் பிரிண்டர் அட்ரிபியூட்ஸ்' அனுப்பி, 'சைட்ஸ் சப்போர்ட்டட்', 'மீடியா ரெடி' இரண்டையும் கேளுங்கள். முதலாவதில் 'ஒன் சைடட்' மட்டும் வந்தால் இருபக்கப் பொத்தானை மறைத்துவிடலாம். இரண்டாவது, தட்டில் இப்போது என்ன தாள் என்று சொல்லும். அதை முந்தைய முறையில் நம்பிப் பெற முடியாது. ஐபிபியின் 2.0 பதிப்பைப் பிரிண்டர் ஏற்காவிட்டால் 1.1இல் மறுபடி கேளுங்கள். காலவரம்பு வைக்காவிட்டால் அணைந்த பிரிண்டருக்காகத் திரை உறைந்து நிற்கும்.

நெட்வொர்க் பிரிண்டருக்கு எங்கள் தேர்வு ஐபிபிதான். பழைய யூஎஸ்பி லேசர் பலவற்றுக்கு அது தெரியாது. அங்கே டிரைவரைத்தான் கேட்கவேண்டும்.