கடலோர வீட்டுக்கு டீஹியூமிடிஃபையர்: ஏசி இருக்கும்போது இது எதற்கு?

துணைவெப்பமண்டலக் கடற்கரையில் குடியேறப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏசியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை டன், இன்வெர்ட்டரா, எந்தச் சுவரில் மாட்டுவது, இப்படி. ஏசி எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், அதை விடுங்கள். கூடவே டீஹியூமிடிஃபையர் ஒன்றுக்கும், அதாவது அறைக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து தொட்டியில் சேர்க்கிற மெஷினுக்கும், பணம் ஒதுக்கி வையுங்கள் என்பது என் கட்சி. என்னிடம் இருப்பது ஒரு நாளைக்கு 20 லிட்டர் எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், சக்கரம் வைத்த கம்ப்ரசர் வகை. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, திட்டுவதற்கும் நிறைய இருக்கிறது. அதுவுமில்லாமல் இந்த அளவில் விற்கிற மெஷின்கள் எல்லாமே உள்ளே திறந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான்.

ஏசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. கோடையில் தேவையே இல்லை. வெளியே 33 டிகிரி, ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓடுகிற ஏசி காற்றில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்தே பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது. சிக்கல் வருவது குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்குகிற அந்த இடைப்பட்ட வாரங்களில். அறைக்குள் 21 டிகிரி. ஏசியை 24-இல் வைத்தால், இங்கே எனக்கு வேலையே இல்லையே என்று அது சும்மா உட்கார்ந்திருக்கும். 18-க்கு இறக்கினால் ஓடும், ஆனால் நீங்கள் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஈரப்பதமோ 90 சதவீதத்தில் நிற்கிறது. வருடம் முழுக்க வெயில் அடிக்கிற வெப்பமண்டலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாது. வெயிலும் குளிரும் மாறி மாறி வருகிற நம் துணைவெப்பமண்டலப் பட்டையில்தான், சுவரும் தரையும் மாதக்கணக்கில் குளிர்ந்து கிடந்த பிறகு திடீரென்று ஒருநாள் கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே வருகிறது.

கணக்கு எளிது. 24 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு வருகிற காற்று, 21 டிகிரி சொச்சத்துக்குக் குளிர்ந்தாலே தண்ணீரைக் கக்கிவிடும். உங்கள் வீட்டுத் தரை 18 டிகிரியில் கிடக்கிறது என்றால், காற்று அதைத் தொட்ட இடமெல்லாம் ஓதம். கண்ணாடி வியர்க்கும், டைல்ஸ் வியர்க்கும், மாடிப்படியில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போன மாதிரி இருக்கும். தென் சீனக் கரையிலும் ஹாங்காங்கிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதுதான் நடக்கிறது, அங்கெல்லாம் டீஹியூமிடிஃபையர் சாதாரண வீட்டுச் சாமான். இந்த நாட்களில் காற்றோட்டத்துக்கு என்று ஜன்னலைத் திறந்துவைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. வீடு காயாது, இன்னும் நனையும். ஜன்னலைச் சாத்து, மெஷினைப் போடு. அவ்வளவுதான்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அதன்மேல் கோபம் கொஞ்சம் குறையும். இந்த மாதிரி ஈரமான கரைகள் பெரும்பாலும் கண்டங்களின் கிழக்கு ஓரத்தில்தான் இருக்கின்றன. ஃப்ளோரிடாவுக்கு வளைகுடா நீரோட்டம், தைவானுக்கும் ஒகினாவாவுக்கும் குரோஷியோ, டர்பனுக்கு அகுல்ஹாஸ், பிரிஸ்பேன் பக்கம் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம். எல்லாம் நிலநடுக்கோட்டுப் பக்கமிருந்து வெந்நீரைக் கொண்டுவருகிறவை. அதே அட்சரேகையில் மேற்குக் கரைக்குப் போங்கள், குளிர் நீரோட்டம், வறட்சி, நமீபியாவில் கடலோரத்திலேயே பாலைவனம். உங்கள் தோல் பெல்ட்டில் பூசணம் பிடிப்பதும் ஜனவரியில் மெல்லிய சட்டையோடு வெளியே நடக்க முடிவதும் ஒரே தண்ணீரின் வேலை. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அதன் உச்சம். அதனால் ஊரில் வெயில் தணிந்து, கூட்டமும் கலைந்த பிறகு, அக்டோபரில்கூட இறங்கி நீந்தலாம். என்னைக் கேட்டால் வருடத்திலேயே நல்ல மாதம் அதுதான். (அதே சூடான தண்ணீர்தான் புயலுக்கும் தீனி. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.)

சரி, மெஷினுக்கு வருவோம். முதன்முதலாகப் படுக்கையறையில் வைத்து, கதவைச் சாத்தி, 55 சதவீதம் என்று செட் செய்தால் தொட்டி நிரம்பும், கொட்டினால் மறுபடி நிரம்பும். காற்றில் இவ்வளவு தண்ணீரா என்று தோன்றும். காற்றில் இல்லை. ஒரு நடுத்தர அறையின் காற்றை 90-இலிருந்து 55-க்குக் கொண்டுவர, அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒரு டம்ளர் தண்ணீர்தான், 200 மில்லிலிட்டர் பக்கம். மீதி எல்லாம் மெத்தையிலிருந்தும், அலமாரிப் பலகையிலிருந்தும், புத்தகங்களிலிருந்தும், சுவர்ப் பூச்சிலிருந்தும், கதவிடுக்கு வழியாகவும் வருவது. ஆகவே இரண்டு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு, எண் இறங்கிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மரச்சாமான் எல்லாம் ஈரத்தைத் திரும்பக் கக்கி எண்ணைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். விடாமல் சில நாள் ஓட வேண்டும். அப்புறம்தான் அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அந்த மக்கல் வாடை போகும். தேய்த்துத் தேய்த்துச் சாத்த வேண்டியிருந்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். போர்வை கையில் எடுத்தால் போர்வையாக இருக்கும், ஈரத்துணியாக இருக்காது.

பெட்டியில் போட்டிருக்கிற லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்து போடுகின்றன. அந்தச் சூட்டில் உங்களுக்கு ஏசியே போதும், இது தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்படுகிற 20 டிகிரியில் சொன்னதில் பாதி வந்தால் அதிகம். அமெரிக்காவில் 2019-இல் சோதனை வெப்பநிலையை 80 பாரன்ஹீட்டிலிருந்து 65-க்கு, அதாவது நம் கணக்கில் 27 டிகிரியிலிருந்து 18-க்குக் குறைத்தார்கள், அதுவரை 70 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) என்று விற்ற அதே மெஷின் ஒரே நாளில் 50 பைண்ட் ஆகிவிட்டது. எனவே இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது லிட்டரை மட்டும் பார்க்காமல் எந்த வெப்பநிலையில், எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்பதையும் சிறிய எழுத்தில் தேடுங்கள். ஒரு படி பெரிதாக வாங்குவது நல்லது.

மெஷினின் முகப்பில் காட்டுகிற ஈரப்பத எண்ணும் அதே ரகம். என்னுடையது உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது, 55 வந்துவிட்டது என்று தானே திருப்திப்பட்டுக்கொண்டு நின்றுவிடுகிறது. தனியாக ஒரு சிறிய ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதம் அளக்கிற கருவி, வாங்கி அறையின் மறுமூலையில் வையுங்கள். அதுவும் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி ஒரு ராத்திரி விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் குணம். கருவி 71 என்று காட்டினால் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், முடிந்தது.

எந்த எண்ணில் வைப்பது? 70-க்கு மேலே தொடர்ந்து இருந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். வீட்டுக்குள் 60-க்குக் கீழே வைக்கச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 50-க்குக் கீழே போனால் மெத்தையில் இருக்கிற தூசிப் பூச்சிகளும் திண்டாடும், தும்மல்காரர்களுக்கு நல்லது. ஆனால் ஈரமான ஊரில் 45-க்கு இறக்க முயன்றால் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் பில்தான் ஏறும். வீட்டில் வீணையோ கிதாரோ இருந்தால் அந்த மரத்துக்கும் அது ஆகாது. 55 போதும்.

இனி திட்டு. முதலாவது, சூடு. இந்த மெஷின் தண்ணீரை எடுத்துவிட்டு வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது, நீராவி தண்ணீராக மாறும்போது விடுகிற சூடும் கம்ப்ரசரின் சூடும் சேர்ந்து சாத்திய சிறிய அறையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடும். குளிர்காலத்தில் இதமாகத்தான் இருக்கிறது. மே மாதத்தில் அல்ல. இரண்டாவது, தொட்டி. இதை வடிவமைத்தவர் நிரம்பிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருநாளும் குளியலறை வரை நடந்திருக்க மாட்டார். அகலமான வாய், உயரமில்லாத சுவர், ஓரத்தில் விரல் நுழையாத பிடி. நாலடி நடப்பதற்குள் தண்ணீர் தளும்பி, எந்தத் தரையைக் காய வைக்கத்தான் இதை வாங்கினோமோ அதே தரையில் சிந்துகிறது. பின்னால் குழாய் மாட்டி வடிய விடலாம், ஆனால் உள்ளே பம்பு இல்லாத மெஷினில் குழாய் முழுக்கச் சரிவாக இறங்க வேண்டும், நடுவில் ஓரிடத்தில் மேடு தட்டினால் போதும், தண்ணீர் திரும்பித் தொட்டிக்கே வந்துவிடும். மூன்றாவது, தொட்டி நிரம்பினால் அலறுகிற பீப். நடுராத்திரி மூன்று மணிக்கு இதை யார் எழுந்துபோய்க் கொட்டப் போகிறார்கள் என்று நினைத்து அந்த ஒலியை வைத்தார்களோ, அணைக்க வழியே இல்லை. ஓடுகிற சத்தம் பழைய ஃபிரிட்ஜ் அளவுக்கு இருக்கும், பழகிவிடும். மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்குகிறதா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். புயல் பருவத்தில் நீங்கள் ஊரில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்து, மெஷின் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தால் திரும்பி வரும்போது வீட்டில் ஒரு தோல் செருப்புகூட மிஞ்சாது.

பிடித்தது என்றால், துணி. மழை விடாத வாரத்தில் சின்ன அறையில் கொடி கட்டித் துணியைப் போட்டு, கீழே மெஷினை ஓட விட்டால் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடுகிறது, நாற்றமும் இல்லை. இதற்காகவே வாங்கலாம். 300 வாட் பக்கம்தான் இழுக்கிறது, ஒரு டன் ஏசி ஓடும்போது 1000 வாட் பக்கம் போகும்.

ஒரு காரியம் இதனால் ஆகாது: உப்பு. கடற்காற்றில் வருகிற உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது ஈரப்பதம் 35 சதவீதமாக இருந்தாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் உப்புப் படிந்த கீல், தாழ்ப்பாள், ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கிற மெல்லிய தகடுகள் எல்லாம் ஏறக்குறைய எப்போதும் நனைந்தே இருக்கும், துருப்பிடிக்கும். அதற்கு மருந்து நல்ல தண்ணீரில் கழுவுவதுதான், எந்த மெஷினும் இல்லை. கேமரா லென்ஸ்களையும் பொதுவான அறையில் விட வேண்டாம், அதற்கென்று வருகிற சின்ன உலர் பெட்டி தனி.

அலமாரிக்குள் தொங்கவிடுகிற கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்கு மட்டும் சரி, அறைக்கு அது எந்த மூலைக்கு? அது உறிஞ்சிய தண்ணீர் தோல் பொருள்மேல் கொட்டினால் அந்தப் பொருளைத் தூக்கிப்போட வேண்டியதுதான், நிமிர்த்தியே வையுங்கள். இன்னொரு வகை, கம்ப்ரசர் இல்லாமல், ஜியோலைட் என்கிற ஈரம் இழுக்கும் தாது பூசிய சக்கரத்தால் உறிஞ்சுவது. எடை குறைவு, 15 டிகிரிக்குக் கீழேயும் சோர்ந்து போகாமல் வேலை செய்யும், ஆனால் கரண்ட்டை இரண்டு மடங்குக்கு இழுக்கும், அறையை இன்னும் சூடாக்கும். குளிர்காலத்திலும் வீட்டுக்குள் 15-க்குக் கீழே போகாத நமக்குக் கம்ப்ரசர்தான் லாயக்கு.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்று தொட்டிக்காகக் கழித்தது. வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்த உடனே பிளக்கைச் சொருக வேண்டாம், வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள், நிமிர்த்தி சில மணி நேரம் விட்டுவிட்டுப் போடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பிறகு குளிர்காலத்தில் நிலத்துப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசுகிற நாட்கள் வரும், ஹைக்ரோமீட்டர் தானாகவே 50-க்கு இறங்கும், அன்றைக்கு மெஷினை மூலையில் தள்ளிவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்து போடுங்கள்.