டா நாங்கில் மண்ணைச் சுட்ட கதை: வேலை சுத்தம், பில்தான் கனம்

மண்ணில் ஊறிய நஞ்சைச் சூட்டால் எடுக்கும் இந்த முறைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன், ஒன்றைப் பிடித்துக்கொண்டது பில்லுக்காக.

வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் செய்த வேலையை வைத்துத்தான் சொல்கிறேன். போர்க்காலத்தில் காடுகளை அழிக்க அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியை அங்கே பீப்பாய் பீப்பாயாக வைத்திருந்து விமானத்தில் ஏற்றினார்கள். சிந்தியதில் இருந்த டையாக்சின் என்ற கொடிய நஞ்சு நாற்பது வருஷம் கழித்தும் மண்ணிலும் சேற்றிலும் கிடந்தது. தண்ணீரில் கரைந்து போகிற சரக்கு இல்லை, மண்துகளைப் பிடித்தால் விடாது.

சுத்தம் செய்யும் வேலையை 2012-ல் தொடங்கினார்கள். செங்கல் சூளை மாதிரி என்று நினைக்க வேண்டாம், நெருப்பே கிடையாது. தோண்டிய மண்ணைக் கான்கிரீட் சுவருக்குள் மலையாகக் குவித்து, மேலே மூடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூடேற்றும் குழாய்களைச் செங்குத்தாக இறக்கி, மின்சாரத்தில் மண்ணைக் குறைந்தது 335 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சூட்டில் டையாக்சினில் பெரும்பகுதி குவியலுக்குள்ளேயே சிதைந்துவிடும்; ஆவியாகி வருவதை உறிஞ்சி, குளிரவைத்து, கரி வடிகட்டியில் பிடிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, மண்ணை லாரியில் ஏற்றி இன்னொரு ஊர்க்காரன் தலையில் கொட்டாததுதான்.

குறை என்றால் முதலில் தண்ணீர். ஈர விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும். மண்ணில் உள்ள ஈரம் நீராவியாகிப் போகும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், கரண்டு மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் மதிப்பீடு. 4.3 கோடி டாலர், நாலு வருஷம் என்று ஆரம்பித்தது. தோண்டத் தோண்ட கெட்ட மண் கூடிக்கொண்டே போய், 2018 நவம்பரில் முடித்தபோது கணக்கு சுமார் 11 கோடி டாலர். நம் ஊரில் வீடு கட்டியவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். சுட்டது சுமார் 90,000 கன மீட்டர். நஞ்சு குறைவாக இருந்த மண்ணைச் சூடாக்காமல் அங்கேயே பாதுகாப்பாக மூடிவிட்டார்கள், சரியான முடிவு.

டீசல் கொட்டிய இடத்துக்கெல்லாம் இதைக் கூப்பிடாதீர்கள், அதற்கு நுண்ணுயிர்களே போதும், செலவும் குறைவு. டையாக்சின், பிசிபி (பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த நச்சு ரசாயனம்) மாதிரி பிடிவாதக்காரர்கள் என்றால் மட்டும் விலை கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் மண்ணில் ஈரம் எவ்வளவு, கெட்ட மண் எவ்வளவு ஆழம்வரை என்று சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.