செப்ரைட் என்று சொல்லி வயண்டாட்டை விற்றுவிட்டார்

செப்ரைட் என்ற சிறிய கோழி இனத்தின் வெள்ளி நிற ஜோடி என்று நம்பி மூன்று மாதக் குஞ்சுகள் இரண்டை வாங்கினேன். பணம் போனதோடு அடைகாக்கும் பருவம் ஒன்றும் வீணாகிவிட்டது. பேன்டம் எனப்படும் குள்ளக் கோழி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வெள்ளை இறகு, ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு, தலையில் ரோஜாக் கொண்டை, அதாவது பின்பக்கம் முனையாக முடியும் தட்டையான கொண்டை. படத்தில் பார்த்த செப்ரைட் போலவே இருந்தன. கால்களில் மட்டும் சேறு அப்பியிருந்தது. "ஈரத் தரையில் மேய்ந்தவை" என்றார் விற்றவர். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தித் துணியால் துடைத்தபோது, செதில்களுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது. மறுகாலும் மஞ்சள்தான். செப்ரைட்டின் கால் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன். "வளர வளர நீலமாகிவிடும்" என்றார். பச்சைப் பொய். மஞ்சள் கால், பெட்டை முட்டையிடும் காலத்தில் வெளிறும். நீலமாக ஒருபோதும் மாறாது. அன்று அது தெரியாமல், என்னிடம் இருந்த அசல் செப்ரைட் பெட்டைகளோடு அந்தச் சேவலையும் சேர்த்து வளர்த்தேன். முட்டைகளை அடையும் வைத்துவிட்டேன்.

பிறகுதான் வால் முழுதாக வளர்ந்தது. அரிவாள் போல வளைந்த நீள இறகுகள். கழுத்திலும் இடுப்பிலும் ஈட்டி முனை போலக் கூரான இறகுகள். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. செப்ரைட் சேவலுக்கு அந்த வாலே கிடையாது! அதன் தோலிலேயே ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனாக மாறிவிடுவதால், சேவலுக்கும் பெட்டையைப் போலவே முனை உருண்ட இறகுகள்தான் முளைக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சர் ஜான் செப்ரைட் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய இனத்தின் முதல் அடையாளமே அதுதான்.

என்னிடம் வந்து சேர்ந்தது வெள்ளி வயண்டாட்டின் குள்ள வகை. 1883இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இனம் அது. நல்ல கோழிதான், அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அது பெரிய கோழியைச் சிறிதாக்கி எடுத்தது; செப்ரைட்டுக்குப் பெரிய வடிவமே இல்லை. கொண்டையைப் பக்கவாட்டில் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். வயண்டாட்டின் கொண்டைமுனை பின்தலையின் வளைவை ஒட்டித் தாழ்ந்து போகும். செப்ரைட்டின் முனை சற்றே மேல்நோக்கி நிற்கும்.

"பேன்டம் என்றாலே குள்ளம்தானே, எதுவாக இருந்தால் என்ன?" என்பதுதான் விற்றவர் கடைசியாகச் சொன்னது. பேன்டம் என்பது ஜாவாவின் பான்டென் துறைமுகத்திலிருந்து வந்த பெயர். இன்று அது உருவத்தின் அளவைத்தான் சொல்கிறது, இனத்தை அல்ல. எந்த இனம் என்று கேளுங்கள். தாய் தந்தைப் பறவைகளைக் காட்டச் சொல்லுங்கள். குஞ்சில் தெரியாத வால் தந்தைச் சேவலிடம் தெரிந்துவிடும். கால்களைக் கழுவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில்கி இனம் என்று சொன்னால் விரல்களை எண்ணுங்கள்: காலுக்கு ஐந்து இருக்க வேண்டும். இறகை விலக்கித் தோலையும் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டும்.

பணம் திரும்பவில்லை. சேவலைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டேன். பிரித்த பிறகும் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பெட்டைகள் கருவுற்ற முட்டை இடக்கூடும் என்பதால், நான்கு வாரங்கள் கழியும்வரை ஒரு முட்டையையும் அடைவைக்கப் போவதில்லை.