யுஎஸ்பி–ஆர்எஸ்485 குச்சி: ஒட்டுக்கேட்க ஐந்து நட்சத்திரம், பேச மூன்று

கட்டடத்தின் ஏசி போன்றவற்றை இயக்கும் கன்ட்ரோலர்கள் ஆர்எஸ்-485 என்ற ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்ளும் முறை பேக்நெட் எம்எஸ்/டிபி. அந்த லைனில் ஒரு கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, லைனை ஈதர்நெட்டோடு இணைக்கும் ரவுட்டரை வாங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரவுட்டர் நல்ல பொருள்தான். ஆனால் சோதனைக்கு அது அதிகம். ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஸ்க்ரூ டெர்மினலும் உள்ள விரல் நீள மாற்றி போதும். என் கருவிப் பையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, சிஎச்340 சிப் வைத்த பெயரில்லாத மலிவுக் குச்சி. மற்றொன்று எஃப்டிடிஐ சிப்போடு மின் தனிமைப்படுத்தலும் (லைனுக்கும் கணினிக்கும் நடுவே நேரடி மின் இணைப்பு இல்லாமை) கொண்டது. விலை சற்றுக் கூடுதல், ஆனாலும் ரவுட்டரின் பக்கத்தில்கூட வராது.

முதலில் ஒட்டுக்கேட்பது. இதில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. பேக்நெட் ஸ்டாக் என்ற திறந்த மூல மென்பொருளோடு எம்எஸ்டிபிகேப் என்றொரு சிறு நிரல் வருகிறது. போர்ட்டையும் வேகத்தையும் கொடுத்து ஓடவிட்டால், லைனில் போகும் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஒரு முழுச் செய்தித் துண்டு) கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் ஆய்வு நிரலில் திறக்கலாம். நிறுத்தும்போது எந்த முகவரி எத்தனை டோக்கன் (பேசும் முறையை அடுத்தவருக்குக் கைமாற்றும் சட்டகம்) அனுப்பியது, எத்தனை முறை திரும்ப அனுப்ப நேர்ந்தது என்ற அட்டவணையையும் தருகிறது. எந்தச் சாதனம் லைனை இழுத்தடிக்கிறது என்பதை விலை உயர்ந்த எந்தக் கருவியும் எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டியதில்லை.

மேசை மேல் ஒற்றைக் கன்ட்ரோலர் மட்டும் இருந்தாலும் கேட்க விஷயம் உண்டு. மாஸ்டர், அதாவது டோக்கன் வாங்கித் தானாகப் பேசும் சாதனம், தனியாக இருந்தாலும் சும்மா இருக்காது. ஒவ்வொரு முகவரியாக "யாராவது இருக்கிறீர்களா" என்று விசாரித்துக்கொண்டே போகும். ஹெக்ஸ் முறையில் பார்த்தால் 55 எஃப்எஃப் 01 என்று தொடங்கும் எட்டு பைட் சட்டகங்கள் வரிசையாக ஓடும். அது தெரிந்தால் வயரும் வேகமும் சரி. குப்பை பைட்டுகள் வந்தால் வேகத்தை மாற்றிப் பாருங்கள், அல்லது இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். மாற்றுவதால் எதுவும் கெட்டுப்போகாது. குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் ஏ, பி எழுத்துகளை நம்ப வேண்டாம். ஆர்எஸ்-485 தரநிலையில் ஏ என்பது எதிர்முனை. பல சிப் தயாரிப்பாளர்கள் அதையே நேர்முனை என்று வைத்துக்கொண்டார்கள். கூட்டல், கழித்தல் குறி இருந்தால் மட்டும் அதைப் பின்பற்றுவது என் வழக்கம்.

இனி பேசுவது. கன்ட்ரோலரிலிருந்து வெப்பநிலையைப் படிக்கவோ ஒரு மதிப்பை மாற்றவோ வேண்டுமென்றால் கணினியும் டோக்கன் வாங்கும் மாஸ்டராக வேண்டும். விண்டோஸில் யாபே என்ற இலவச நிரல் இதைச் செய்கிறது. சிக்கல் நிரலில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. டோக்கன் கைக்கு வந்த 15 மில்லிசெகண்டுக்குள் பேசத் தொடங்க வேண்டும் என்பது எம்எஸ்/டிபி விதி. எஃப்டிடிஐ சிப்போ, தன் பஃபர் நிறையும் வரை அல்லது 16 மில்லிசெகண்ட் கழியும் வரை வந்த பைட்டுகளைக் கையிலேயே வைத்திருக்கும். டோக்கன் எட்டே பைட். பஃபர் எங்கே நிறையப் போகிறது? செய்தி கணினிக்கு எட்டும்போதே கெடு முடிந்திருக்கும். அனுப்பியவர் பொறுமை இழந்து டோக்கனைத் திரும்ப அனுப்புவார், அதற்குள் நம் பதிலும் கிளம்பும், இரண்டும் மோதும்.

மருந்து எளிது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் லேட்டன்சி டைமரை 16-லிருந்து 1 ஆக்க வேண்டும். லினக்ஸிலும் இதை மாற்றலாம். இதைச் செய்த பிறகு விலை கூடிய குச்சி 38400 வேகத்தில் ஒழுங்காகப் பேசுகிறது. பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; வாங்குபவர் எல்லாரும் மோட்பஸ் என்ற வேறொரு பேச்சுமுறையை மட்டுமே ஓட்டுவார் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மோட்பஸில் கணினி கேட்கும், கன்ட்ரோலர் பதில் சொல்லும். அதற்கு எந்தக் குச்சியும் போதும்.

மலிவுக் குச்சியின் குறை வேறு. அதன் தானியங்கித் திசைமாற்றும் சுற்று பூஜ்ஜியத்தை மட்டும் அழுத்தமாக அனுப்பிவிட்டு, ஒன்று என்ற பிட்டை, லைன் சும்மா இருக்கும்போது அதை ஒரு நிலையில் பிடித்து வைக்கும் பயாஸ் மின்தடையின் தலையில் கட்டிவிடுகிறது. குட்டை வயரில் தெரியாது. நீண்ட லைனில், கூடுதல் வேகத்தில் அலை முனை மழுங்கிப்போகிறது. மேசையில் ஒற்றைக் கன்ட்ரோலரோடு பேச இதையே எடுக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் லைனில் இதை வாய் திறக்கவிடுவதில்லை.

யாபேயில் முகவரி கொடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். மாஸ்டர் முகவரிகள் 0 முதல் 127 வரை. லைன் வேகமாக ஓடட்டும் என்று கன்ட்ரோலர்களில் மேக்ஸ் மாஸ்டர் (விசாரிக்க வேண்டிய மிக உயர்ந்த முகவரி) மதிப்பைக் குறைத்து வைத்திருந்தால், அதற்கு மேலுள்ள முகவரியை யாரும் விசாரிக்கவே மாட்டார்கள். கணினிக்கு 127 கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் டோக்கன் வராது.

குச்சியை மாட்டும் முன் அதன் இரு டெர்மினல்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். என் மலிவுக் குச்சி 120 ஓம் காட்டியது. லைனின் முனையில் மட்டும் இருக்க வேண்டிய மின்தடையை உள்ளேயே பற்றவைத்திருக்கிறார்கள், கழற்ற ஜம்பர் கிடையாது. லைனின் இரு முனையிலும் ஏற்கெனவே 120 ஓம் இருந்தால் மொத்தம் 60. இதுவும் சேர்ந்தால் 40 ஆகி சமிக்ஞை நலிந்துவிடும். விலை கூடியதில் அதற்கு ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது.

தனிமைப்படுத்தலுக்காக மட்டுமே கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன். ஆர்எஸ்-485 தாங்கும் பொது மின்னழுத்தம் கழித்தல் 7 முதல் கூட்டல் 12 வோல்ட் வரைதான். 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் அரை அலைத் திருத்தியோடு ஓடும் கன்ட்ரோலரில் டிரான்ஸ்ஃபார்மர் வயர்கள் இடம் மாறியிருந்தால், பொது முனை 34 வோல்ட் உச்சம் வரை ஆடக்கூடும். சார்ஜரில் செருகிய மடிக்கணினியை அதில் நேராகக் கோத்தால் போர்ட் போனாலும் ஆச்சரியமில்லை. தனிமைப்படுத்தாத குச்சிதான் கையில் இருக்கிறது என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டுங்கள்.