மகளிர் பத்திரிகையா, கைப்பேசியா?

காரைக்குடியில் அப்பத்தா வீட்டு இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) பழைய மங்கையர் மலர் ஒரு கட்டு இன்னும் கிடக்கிறது. அச்சு இதழ் 2020-இல் நின்று இணையத்துக்குப் போய்விட்டது. அவள் விகடன் வருகிறது. எங்கள் வீட்டில்தான் வாங்குவதில்லை.

சமையலில் யூடியூப்தான் ஜெயிக்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் ஆழாக்குப் பச்சரிசி, அதன்மேல் கோபுரமாக உளுந்து என்று எழுதிவிடலாம். மாவு எவ்வளவு நீர்க்க இருக்கவேண்டும், எண்ணெயில் ஊற்றியதும் எப்படி எழும்பும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அப்பத்தாவே அதைப் பார்த்துத் திட்டுகிறார், ஆனாலும் பார்க்கிறார்!

கோலத்துக்கு இதழ்தான். புள்ளி எண்ணி முடிப்பதற்குள் வீடியோ ஓடிவிடும்.

விளம்பரமா? இரண்டிலும் உண்டு. தாளில் என்றால் புரட்டினால் போச்சு.

அப்புறம் தொடர்கதை. அதன் இடத்தை டிவி சீரியல் எப்போதோ பிடித்துவிட்டது. அந்தப் பழியைப் போன்மேல் போடமுடியாது.