வெளியேறும் வெப்பமா, பிரேக்கின் ஆற்றலா: பந்தய ஹைபிரிட் எஞ்சின்கள் குறித்து ஓர் ஒப்பீடு

புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடை ஒன்றில், பழைய டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் துருவேறிய வார்ப்பிரும்புக் கூடு, அதற்குள் எஞ்சின் புகையால் சுழலும், கரி படிந்த டர்பைன் சக்கரம். மறுபக்கம் அலுமினியக் கூடு, அதற்குள் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரம். இரண்டையும் கோத்திருப்பது சுண்டுவிரலை விட மெல்லிய ஒரே தண்டு. டர்பைன் கூட்டின் ஓரத்தில் வேஸ்ட்கேட் எனப்படும் சிறு மூடி இருந்தது. டர்போவுக்குத் தேவைப்படாத புகை அந்தத் துளை வழியாகவே வேலை எதுவும் செய்யாமல் வெளியேறுகிறது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. பைக் சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதியையாவது திரும்பப் பிடிக்கப் பந்தய உலகம் கையாண்ட வழிகளை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

ஃபார்முலா 1 பந்தயத்தில் 2014 முதல் 2025 வரை இருந்த 1.6 லிட்டர் வி6 எஞ்சின்களில், டர்போவின் அதே தண்டில் எம்ஜியு-ஹெச் என்ற மின்பொறி பூட்டப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 1,25,000 சுழற்சி வரை அதற்கு அனுமதி இருந்தது. புகை மிகுதியாக வரும்போது அது ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். ஓட்டுநர் வளைவில் காலை எடுத்துவிட்டு மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அதுவே மோட்டாராகி, புகைக்காகக் காத்திராமல் கம்ப்ரஸரைச் சுழற்றி, டர்போ தாமதத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும். தகுதிச் சுற்றில் இன்னொரு உத்தியும் இருந்தது: வேஸ்ட்கேட்டைத் திறந்துவிட்டு, பேட்டரியின் மின்சாரத்தால் கம்ப்ரஸரை ஓட்டினால், புகை தடையின்றி வெளியேறுவதால் எஞ்சினின் சக்தி கூடும். புகையிலிருந்து ஆற்றலை எடுப்பது இலவசம் அல்ல, டர்பைன் தரும் எதிரழுத்தத்துக்குப் பிஸ்டன்கள் விலை கொடுக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

விதிகளின் கணக்கு இதன் மதிப்பை இன்னும் துல்லியமாகக் காட்டும். பிரேக்கின் ஆற்றலைப் பிடித்துப் பின்சக்கரங்களை உந்தும் இன்னொரு மின்பொறியான எம்ஜியு-கே 120 கிலோவாட் தந்தது. ஒரு சுற்றில் பேட்டரியிலிருந்து அது 4 மெகாஜூல் எடுக்க முடிந்தது, அதாவது 33 வினாடி முழு உந்துதல். ஆனால் பிரேக்கிலிருந்து அது பேட்டரிக்குச் சேர்க்கக்கூடியது 2 மெகாஜூல்தான். மீதியைப் புகையிலிருந்து எடுக்க முடிந்தது. எம்ஜியு-ஹெச்சுக்கு வரம்பே இருக்கவில்லை. 2017-இல் மெர்சிடிஸ் தன் எஞ்சின் சோதனை மேடையில் 50 சதவீதத்துக்கு மேற்பட்ட வெப்பத்திறனை (எரிபொருளின் ஆற்றலில் பயனுள்ள வேலையாக மாறும் பங்கு) எட்டியதில் இந்தப் பாகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கான உழைப்பும் சிறிதல்ல: ஹோண்டா பல ஆண்டுகள் இந்தத் தண்டின் அதிர்வோடு போராடி, கடைசியில் தன் விமான எஞ்சின் பிரிவின் உதவியோடுதான் அதைச் சரிசெய்தது.

லெ மான் போன்ற நீண்டநேரப் பந்தயங்களில் ஓடிய போர்ஷே 919 ஹைபிரிட் கார் வேறு வழியில் சென்றது. 2 லிட்டர் வி4 எஞ்சினின் டர்போவைத் தொடாமல் விட்டு, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைத் தனியான இரண்டாவது டர்பைனுக்குத் திருப்பி, அதில் ஜெனரேட்டரைப் பூட்டினார்கள். வேஸ்ட்கேட் வழியே வீணாகும் புகைக்கு வேலை கொடுத்தார்கள் என்று சொல்லலாம். இதனால் டர்போ தாமதம் தீராது. ஆனால் ஒரே தண்டில் இரண்டு வேலைகளைச் சுமத்தும் சிக்கலும் இல்லை. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை இந்தக் கார் 2015, 2016, 2017 என மூன்று முறை வென்றது. அந்தப் பாதையின் நீண்ட நேர்த்தடங்களில் பிரேக்குக்கு வேலையில்லை, புகைக்கு உண்டு.

பிரேக்கை மட்டுமே நம்பியவர்கள் தோற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. டொயோட்டா இரு அச்சுகளிலும் மீட்பு மோட்டார்களை வைத்து அதே நீண்டநேரப் பந்தயங்களின் 2014 உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றது. ஆடி அதே ஆண்டு புகை வழி மீட்பை அறிவித்துவிட்டு, பந்தயத்துக்கு முன்பே கைவிட்டது.

புகையின் வெப்பத்தால் நீரை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும் முறையும், வெப்பவேறுபாட்டிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் தகடுகளும் எடைக்கேற்ற பலனைத் தராததால், பந்தயத்தில் இடம்பெறவில்லை.

ஃபார்முலா 1-இன் 2026 விதிகள் எம்ஜியு-ஹெச்சை நீக்கிவிட்டு, எம்ஜியு-கேயை 350 கிலோவாட்டுக்கு உயர்த்தியிருக்கின்றன. செலவு குறையும், புதிய நிறுவனங்கள் வரும் என்பது வலுவான வாதம். ஆடி வந்தும் விட்டது. ஆனாலும் இதை இழப்பாகவே நான் கருதுகிறேன். பிரேக், காரின் வேகம் குறையும்போது மட்டும் தருகிறது. புகையோ, ஓட்டுநரின் கால் அழுந்தியிருக்கும் நேரமெல்லாம் தருகிறது. தேவை மும்மடங்காக உயர்ந்த நேரத்தில் அந்த ஊற்றை அடைத்துவிட்டார்கள்.

எம்ஜியு-ஹெச் போன்ற பாகம் சாலைக்கார்களுக்குப் பயன்படாது என்று நீக்கத்தை ஆதரித்தவர்கள் சொன்னதும் முழுமையாகச் சரியில்லை. 2024-இல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ்ஸின் டர்போத் தண்டில், டர்பைனுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே ஒரு மின்மோட்டார் இருக்கிறது. அது டர்போவை உடனே எழுப்புவதோடு, புகையிலிருந்து 11 கிலோவாட் வரை மின்சாரமும் எடுக்கிறது. அந்த டர்போவில் வேஸ்ட்கேட்டே கிடையாது.