அம்பாசடர் மார்க் 2: பழைய எஞ்சினா, இசுசு எஞ்சினா?

1960களில் வந்த அம்பாசடர் மார்க் 2 ஒன்றைப் புதுப்பிக்க முற்படுபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. வண்டியோடு வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினையே பிரித்துச் சீராக்கலாம். அல்லது, 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசடரில் பொருத்தி விற்ற ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பிலான 1.8 லிட்டர் எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தலாம்.

ஓட்டும் சுகம் ஒன்றே அளவுகோல் என்றால் இசுசுவே மேல். ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கொண்ட வண்டி 75 குதிரைத்திறன் பெறும். ஐந்தாம் கியர் இருப்பதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் திணறாது. ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் வேகத்தை மட்டும் கூட்டுவது ஆபத்து என்பதால், முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கும், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இழப்பு வண்டியின் உள்ளே தெரியும். மார்க் 2-இன் கியர் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டி இருப்பதால்தான் முன்புறம் ஒரே நீள இருக்கையில் மூவர் தாராளமாக அமர முடிகிறது. இசுசுவின் கியர் தண்டோ தரையிலிருந்து எழுவது. அதற்காகத் தரைத் தகட்டை வெட்டி, அந்த அழகான இருக்கையையும் கைவிட நேரும். இதற்கு என் மனம் ஒப்பவில்லை.

பழைய எஞ்சின் அடிக்கடி கவனிப்பைக் கேட்கும் என்பது உண்மையே. எனினும் அதன் வேலைகள் எளியவை: குளிர்ந்த எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, 0.015 அங்குல ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) வால்வுத் தண்டுக்கும் இடையே நுழைத்து, அது இலேசான பிடிப்போடு நகரும் அளவுக்குத் திருகை வைத்தால், எட்டு வால்வுகளையும் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். தீப்பொறிக்கான பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷனும், மின்சாரம் தரும் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரும் பொருத்தினால் பாதித் தொல்லை தீரும். வேண்டும்போது இரண்டையும் கழற்றிப் பழையபடி ஆக்கவும் முடியும்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. உற்பத்தியாளர் வகுத்ததிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளையே ஏற்கின்றன. இசுசுவின் வேகம்தான் வேண்டுமென்பவர், மார்க் 2-ஐ வெட்டுவதைவிட, ஆலையிலேயே அந்த எஞ்சினோடு வந்த 1990களின் அம்பாசடரைத் தேடி வாங்குவது நல்லது, அதில் ஆர்.சி. புத்தகமும் எஞ்சினும் ஒத்திருக்கும்.